குட்டைக் குழல் ஷாட்கன்: அமெரிக்கச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி, வாங்குவது ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. அதே ஷாட்கனின் குழல் 18 அங்குலத்துக்கு ஒரு நூல், அதாவது எட்டிலொரு அங்குலம், குறைந்துவிட்டால், பதிவில்லாமல் வைத்திருப்பது பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். தெரிந்தே சட்டத்தை மீறுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அளவுகோலைத் தப்பாகப் பிடித்தவர்களும், ஒப்புதல் தாள் வருவதற்கு முன்னால் துப்பாக்கியில் கைவைத்தவர்களும் மாட்டிக்கொள்கிற சட்டம் இது. அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம்.

எந்தத் துப்பாக்கியைச் சட்டம் குட்டைக் குழல் ஷாட்கன் என்கிறது?

முதலில் அது ஷாட்கனாக இருக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி அதற்கு மூன்று அடையாளங்கள்: தோளில் அணைத்துச் சுடும்படி வடிவமைத்திருக்க வேண்டும்; ஷாட்கன் தோட்டாவைச் சுட வேண்டும்; குழலின் உட்புறம் வரி வெட்டாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அது குட்டைக் குழல் ஷாட்கன்.

இன்னொரு வழியிலும் அந்தப் பட்டியலுக்குள் போய்விடலாம். ஷாட்கனாக இருந்த ஒன்றை மாற்றியமைத்து, குழல் 18 அங்குலத்துக்குக் கீழே போனாலும் சரி, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போனாலும் சரி, அதுவும் இதே வகைதான். இரண்டில் ஒன்று போதும். குழலைத் தொடாமல் தோள்கட்டையை மட்டும் வெட்டினாலும் சிக்கல் வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் துப்பாக்கியில் குழலுக்குப் பின்னால் ரிசீவர் எனப்படும் இயக்கப் பெட்டியே ஏழெட்டு அங்குலம் ஓடுவதால், கட்டைக்குப் பதில் கைப்பிடி மாட்டினாலும் மொத்த நீளம் பெரும்பாலும் 26ஐத் தாண்டியே நிற்கும். மடித்துத் தோட்டா போடும் இரட்டைக் குழல் துப்பாக்கியில் அந்த நீளம் கிடையாது. 18 அங்குலக் குழல் அப்படியே இருக்க, கட்டையைக் கைப்பிடி அளவுக்கு நறுக்கினால் மொத்தம் 26க்குள் சுருங்கிவிடும்.

12 கேஜ், 20 கேஜ், .410 என்று குழலின் உள்விட்டம் எதுவானாலும் இதே நீளக் கணக்குதான். சின்ன .410தானே என்று சட்டம் விட்டுவிடாது.

குழலின் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளக்க வேண்டும்?

வெளியே தெரிகிற குழலை ரிசீவரின் விளிம்பிலிருந்து அளப்பது தப்பு. அப்படி அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். சட்டப்படி சரியாக இருப்பதையும் குறைந்துவிட்டதாக நினைத்துப் பதறுவீர்கள். சரியான முறை இது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பாருங்கள். தோட்டா மறுபடி உள்ளே போக வழியில்லாதபடி தோட்டா அறையையும் தோட்டாக்கள் அடுக்கும் குழாயையும் காலி செய்யுங்கள். பிறகு அறையின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டை மூடுங்கள். ஒரு மரக்குச்சியைக் குழலின் வாய் வழியாக உள்ளே விட்டு, மூடிய போல்ட்டின் முகத்தில் இடிக்கும்வரை இறக்குங்கள். வாயின் விளிம்புக்கு நேராகக் குச்சியில் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தால் அதுதான் குழலின் நீளம். தோட்டா உட்காரும் அறையும் இதில் சேரும்.

ரவை பரவுவதைக் கட்டுப்படுத்த வாயில் திருகி மாட்டும் சோக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த நீளம் கணக்கில் வராது, கழற்றிவிடலாம் என்பதால். நிரந்தரமாகப் பொருத்தியது மட்டுமே சேரும். நிரந்தரம் என்று ஏடிஎஃப் எனப்படும் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறை ஏற்பது மூன்று முறைகளை: சுற்றிலும் முழு வெல்டிங், குறைந்தது 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்று, முளை அடித்து அதன் தலைமேல் வெல்டு வைத்து மூடுவது. லாக்டைட் போன்ற பசைகளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

மொத்த நீளத்தைக் குழலின் அச்சுக்கு இணையான நேர்கோட்டில், இரு கடைசி முனைகளுக்கிடையே எடுக்க வேண்டும். கட்டை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவோடு டேப்பைச் சாய்த்துப் பிடித்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மடக்குக் கட்டை இருந்தால் கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரித்த நிலையில் அளப்பார்கள். சில மாநிலங்கள் வேறு மாதிரி அளக்கின்றன.

தொழிற்சாலைகள் 18 அங்குலக் குழலை விட்டு 18.5 அங்குலத்தில் விற்பதற்குக் காரணமே அளவு பிசகினாலும் காப்பாற்றும் இந்த அரை அங்குல இடைவெளிதான். பழைய துப்பாக்கியின் வாய் நசுங்கிவிட்டது, ஓரத்தைச் சீவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் முதலில் குச்சி போட்டு அளந்துவிட்டுப் பேசுங்கள். 18.1 அங்குலக் குழலில் ஒரு நூல் சீவினால் 17.975.

18 அங்குலம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? ரைஃபிளுக்கு 16தானே?

மதுவிலக்குக் காலத்துக் கும்பல் கொலைகளுக்குப் பிறகு வந்த சட்டம் இது. 1934 ஜூன் 26 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். தொடக்க மசோதா கைத்துப்பாக்கிகளையும் வரிப் பதிவுக்குள் கொண்டுவரப் பார்த்தது. கைத்துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வந்தால் ஆட்கள் நீளத் துப்பாக்கியை வெட்டி மறைத்துக்கொண்டு போவார்கள் என்பதால்தான் குட்டைக் குழல் பிரிவு கூடவே வந்தது. கடைசியில் எதிர்ப்பு வலுத்து, கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து வெளியேறியது. ஓட்டையை அடைக்க வைத்த ஆப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. இன்று 4 அங்குலக் கைத்துப்பாக்கியைப் பதிவில்லாமல் வாங்கலாம், 17 அங்குல ஷாட்கனை வாங்க முடியாது என்ற முரண்பாட்டின் வேர் இதுதான்.

ரைஃபிளுக்கும் முதலில் 18தான். 1960இல் அதை 16 ஆக்கினார்கள், ஷாட்கனைத் தொடவில்லை.

2026 முதல் 200 டாலர் வரி ஒழிந்துவிட்டதே, இனிப் பதிவே வேண்டாமா?

வேண்டும். இப்போது மிக அதிகமாகப் பரவியிருக்கும் தப்பான நம்பிக்கை இதுதான்.

குட்டைக் குழல் ஷாட்கனைச் செய்யவும் கைமாற்றவும் 1934இல் வைத்த 200 டாலர் வரியை அதன்பிறகு யாரும் கூட்டவே இல்லை. அந்தக் காலத்து 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,000க்கு மேல். துப்பாக்கியின் விலையைவிட வரி பல மடங்கு. தடுப்பதற்காகவே போட்ட வரி அது. பணவீக்கம் அதைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சாதாரணக் கட்டணமாக்கிவிட்டது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், குட்டைக் குழல் ஷாட்கன், குட்டைக் குழல் ரைஃபிள், சைலன்சர், ‘வேறெந்த ஆயுதமும்’ என்ற தனிப்பிரிவு ஆகிய நான்குக்கும் வரியைப் பூஜ்யமாக்கியது. நடைமுறைக்கு வந்த நாள் 2026 ஜனவரி 1. இயந்திரத் துப்பாக்கிக்கும், குண்டு போன்ற அழிவுக் கருவி வகைக்கும் 200 டாலர் அப்படியே தொடர்கிறது.

பூஜ்யமானது வரி மட்டுமே. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, முன்கூட்டிய ஒப்புதல், பதிவேட்டில் பெயர், மாநிலம் தாண்ட அனுமதி எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. வரியே இல்லாதபோது வரி அதிகாரத்தின் பெயரால் பதிவை எப்படிக் கேட்கலாம் என்று வழக்குகள் போயிருக்கின்றன. அந்த வாதம் வலுவில்லாதது என்று சொல்ல முடியாது. வழக்கு நிலுவையில் இருப்பதை நம்பிக் குழலை மாட்டினால், சிறைக்குப் போகிறவர் வழக்குப் போட்டவர் அல்ல, நீங்கள்.

எந்த மாநிலத்திலும் வைத்துக்கொள்ளலாமா?

இல்லை. கூட்டாட்சிப் பதிவு கிடைப்பதற்கே மாநிலச் சட்டம் இடம் தர வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ், இல்லினாய், ஹவாய், வாஷிங்டன் மாநிலம், தலைநகர் வாஷிங்டன் டி.சி. ஆகிய இடங்களில் சாதாரணக் குடிமக்களுக்கு இது கிடையாது. பட்டியல் இத்தோடு முடியவில்லை, மாறிக்கொண்டும் இருக்கிறது. அயோவா 2017இல் திறந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் குட்டைக் குழல் ரைஃபிளுக்கு 2014 முதல் இடம் உண்டு, ஷாட்கனுக்கு இல்லை. ரைஃபிளுக்குச் சரி என்றால் ஷாட்கனுக்கும் சரிதான் என்று எடுத்துக்கொண்டவர்கள் சறுக்குவது இங்கேதான். சில இடங்களில் மாநிலச் சட்டம் இதைத் தடை செய்த ஆயுதம் என்றே சொல்கிறது. கூட்டாட்சிப் பதிவு இருந்தால் குற்றமில்லை என்ற விலக்கில்தான் உரிமையாளர் நிற்கிறார். அந்த ஒப்புதல் தாள் வெறும் ரசீது அல்ல என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர் விண்ணப்பிக்கலாமா?

குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்கக்கூடாது என்பதே பொது விதி. ஏதாவதொரு அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. விண்ணப்பத்தில் அதற்கான சான்றை இணைக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

சட்டப்படி முடியும் என்பதற்காகச் செய்வது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. பதிவில்லாத குட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருப்பது வரிச் சட்டத்தின் 5861ஆம் பிரிவுக் குற்றம். குடியேற்றச் சட்டம் அந்தப் பிரிவை எண்ணோடு குறிப்பிட்டு, கடுங்குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. குடியுரிமை இல்லாதவருக்குத் தண்டனை சிறையோடு நிற்காது; நாடு கடத்தலில் போய் முடியும், கிரீன் கார்டு இருந்தாலும். குடியுரிமை வரும்வரை 18.5 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இருக்கிற ஷாட்கனையே குட்டைக் குழலாக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது?

இதற்கான தாள் படிவம் 1. வரிசை மாறினால் எல்லாம் கெட்டது. ஒப்புதல் வருவதற்கு முன் குழல் மாறக்கூடாது.

துப்பாக்கியின் வரிசை எண், தயாரித்த நிறுவனம், மாடல், கேஜ் ஆகியவற்றை ரிசீவரில் உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஏடிஎஃப்பின் இ-ஃபார்ம்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஆயுத வகை, மாற்றிய பிறகு இருக்கப்போகும் குழல் நீளம், மொத்த நீளம், எங்கே வைத்திருக்கப்போகிறீர்கள் என்ற முகவரி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். 2க்கு 2 அங்குலத்தில், ஓராண்டுக்குள் எடுத்த புகைப்படம் ஒன்று. எஃப்டி-258 அட்டையில் இரண்டு தொகுதிக் கைரேகை, அல்லது அதற்கு இணையான மின்கோப்பு. விண்ணப்பத்தின் ஒரு பிரதி உங்கள் பகுதியின் தலைமைக் காவல் அதிகாரிக்கு, அதாவது ஷெரிஃபுக்கோ காவல்துறைத் தலைவருக்கோ போக வேண்டும். 2016 ஜூலைக்கு முன்னால் அவர் கையெழுத்தே வேண்டியிருந்தது. பிடிக்காத ஷெரிஃப் போடாமல் இழுத்தடித்தால் விண்ணப்பம் அங்கேயே செத்தது. இப்போது தகவல் சொன்னால் போதும்.

ஒப்புதல் வந்த பிறகு பொறிப்பு. உருவாக்கியவர் என்ற முறையில் உங்கள் பெயர், ஊர், மாநிலம் உலோகத்தில் இருக்க வேண்டும்: எழுத்தின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். வரிசை எண் துப்பாக்கியில் ஏற்கெனவே இருப்பதே போதும்.  குழல் நாளைக்கு மாறலாம், ரிசீவர் மாறாது; அதனால் ரிசீவரில் போடுவதே வழக்கம். அலங்காரத்துக்குப் போடும் மேலோட்டமான லேசர் எழுத்து இந்த ஆழத்தைத் தொடாது. கடைக்காரரிடம் ஆழத்தைச் சொல்லியே கொடுங்கள். பெயின்ட் பூசுவதாக இருந்தால் பூசிய பிறகும் எழுத்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் குட்டைக் குழல் துப்பாக்கியில் ஏற வேண்டும். பம்ப் வகைகளுக்குத் தொழிற்சாலையே 14 அங்குலக் குழல் விற்கிறது. வாயில் குறிபார்க்கும் மணி, சோக் திருகும் மரை எல்லாம் அளந்து வைத்து வருவதால், இருக்கிற நீளக் குழலைக் கெடுக்க வேண்டிய தேவையே இல்லை.

விண்ணப்பம் திரும்பிவரக் காரணங்கள் பெரும்பாலும் சில்லறையானவை: மசங்கிய கைரேகை, ஒரு எண் பிசகிய வரிசை எண், டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு பக்கம் விடுபட்டது, கட்டையை மடித்த நிலையில் எழுதிய மொத்த நீளம்.

கடையில் தயாராக இருப்பதை வாங்கினால்?

அது படிவம் 4. சிறப்பு வரி கட்டிய உரிமம் பெற்ற வியாபாரி வழியாகப் போகும். புகைப்படம், கைரேகை, காவல் அதிகாரிக்குப் பிரதி எல்லாம் முன்சொன்னபடியே. பொறிப்பு வேலை உங்களுக்கு இல்லை, உருவாக்கியவர் நீங்கள் அல்ல என்பதால். பணம் கட்டிவிட்டாலும் ஒப்புதல் வரும்வரை துப்பாக்கி கடையில்தான் இருக்கும். எடுக்கும் நாளில், கடையில் துப்பாக்கி வாங்கும் எல்லாரும் நிரப்பும் 4473 படிவமும் நிரப்ப வேண்டும்.

தனி ஆள் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா?

தனி ஆள் பெயரில் பதிந்தால் அது அவர் கையில் இருக்க வேண்டிய பொருள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நண்பர் சுட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நீங்கள் வெளியூர் போயிருக்க, பெட்டகத்தின் சாவியோ எண்ணோ மனைவியிடம் இருந்தால், பதிவில் பெயரில்லாத ஒருவர் கைவசம் ஆயுதம் இருக்கிறது என்று வாதிட இடம் உண்டு. டிரஸ்ட் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: அதில் பெயருள்ள எல்லாரும் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தந்து, தனி வினாப்படிவமும் நிரப்ப வேண்டும். படிவம் 1 போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உருவாக்கியவர் டிரஸ்ட் என்றால் பொறிக்க வேண்டியதும் டிரஸ்டின் பெயர். ‘இன்னார் குடும்பத் தலைமுறைச் சொத்துப் பாதுகாப்பு டிரஸ்ட்’ என்று நீளமாக வைத்தவர்கள் பொறிக்கும் கடையில்தான் வருத்தப்படுகிறார்கள்.

14 அங்குலக் குழலோடு மாஸ்பெர்க் ஷாக்வேவ் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறதே, அது எப்படி?

நுணுக்கமான கேள்வி. மாஸ்பெர்க் 590 ஷாக்வேவ், ரெமிங்டன் டாக்-14 போன்றவை பார்வைக்கு ஷாட்கன். சட்டத்தின் பார்வையில் ஷாட்கன் அல்ல. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்து அவற்றுக்குத் தோள்கட்டையே இல்லை, பறவைத் தலை வடிவக் கைப்பிடிதான். தோளில் வைத்துச் சுட வடிவமைக்கவில்லை என்பதால் ‘ஷாட்கன்’ என்ற வரையறைக்குள் வராது; ஷாட்கனிலிருந்து செய்ததும் அல்ல. மொத்த நீளம் 26ஐத் தாண்டுவதால், மறைத்து வைக்கத்தக்க ஆயுதங்களுக்கான ‘வேறெந்த ஆயுதமும்’ பிரிவிலும் விழாது. மிச்சம் இருப்பது வெறும் ‘துப்பாக்கி’ என்ற பொதுப்பெயர். ஷாட்கன் அல்ல என்பதால் கடையில் வாங்க 18 வயது போதாது, 21 வேண்டும்.

ஷாக்வேவின் மொத்த நீளம் 26.37 அங்குலம். கையில் இருக்கும் இடைவெளி மூன்று நூல் மட்டுமே. அந்த நீண்ட கைப்பிடியைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான குட்டைக் கைப்பிடி மாட்டினால் 26க்குக் கீழே இறங்கி, பதிவு வேண்டிய ஆயுதமாகிவிடும். தோள்கட்டை மாட்டினாலோ அந்த நொடியே அது பதிவில்லாத குட்டைக் குழல் ஷாட்கன். நீளம் 26க்கு மேல் இருந்தாலும் உடையில் மறைத்து எடுத்துப்போனால் வகை மாறிவிடும் என்பதும் ஏடிஎஃப்பின் நிலைப்பாடு.

அதே பாகங்களை வைத்து எதிர்த்திசையில் போக முடியாது. தோள்கட்டையோடு வாங்கிய மாஸ்பெர்க் 500இல் ஷாக்வேவின் குழலையும் கைப்பிடியையும் மாட்டினால் அது ஷாக்வேவ் ஆகாது. ஷாட்கனிலிருந்து செய்த குட்டைக் குழல் ஆயுதம்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று சட்டப்படி சரி, மற்றது பத்தாண்டு. இதில் நியாயம் என்ன என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

‘வேறெந்த ஆயுதமும்’ என்ற பிரிவில் ஷாட்கன் போன்றவை எப்படி வருகின்றன?

தோள்கட்டையே இல்லாமல் பிறந்து, 26 அங்குலத்துக்கும் குறைவாக இருந்து, ஷாட்கன் தோட்டா சுடுவது இந்தப் பிரிவு. 6.5 அங்குலக் குழலோடு வரும் செர்பு சூப்பர் ஷார்ட்டி இதற்குப் பேர்போன உதாரணம். இத்தாக்கா நிறுவனம் 1922 முதல் விற்ற ஆட்டோ அண்ட் பர்க்லர் என்ற 20 கேஜ் இரட்டைக் குழல் கைத்துப்பாக்கியும் இதே இனம். 1934 சட்டத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோனது. கைமாற்ற வரி இவற்றுக்கு 5 டாலர்தான் என்பதால் முன்பு பலர் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இப்போது எல்லாமே பூஜ்யம், அந்தக் கவர்ச்சி போயிற்று. மாநிலம் தாண்ட முன் அனுமதி வேண்டாம் என்ற வசதி மட்டும் மிச்சம்.

.410 தோட்டா சுடும் டாரஸ் ஜட்ஜ் ரிவால்வர்?

குழலில் வரி வெட்டியிருப்பதால் கூட்டாட்சிச் சட்டப்படி அது சாதாரண ரிவால்வர். கலிஃபோர்னியாவின் வரையறை ஷாட்கன் தோட்டாவைச் சுடுமா, குழல் குட்டையா என்று பார்ப்பதால், அங்கே அது தடைக்குள் விழுகிறது.

குட்டைக் குழலை மட்டும் வாங்கி வீட்டில் வைத்திருந்தால் குற்றமா?

குழல் தனியாக ஒரு இரும்புக் குழாய்தான். வாங்கக் கூட்டாட்சிக் கட்டுப்பாடு இல்லை. வீட்டில் அதோடு வேறென்ன இருக்கிறது என்பதே கேள்வி. 1992இல் தாம்ப்சன்/சென்டர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: பாகங்களைச் சட்டப்படியான ஆயுதமாகவும் கோக்க முடியும் என்றால், வைத்திருப்பதாலேயே குற்றமில்லை, சட்டவிரோத ஆயுதம் செய்வதைத் தவிர அந்தப் பாகத்துக்கு வேறு பயனே இல்லை என்றால் அது குற்றம்.

இதை ஷாட்கனுக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டில் தோள்கட்டையுள்ள ரெமிங்டன் 870 ஷாட்கன் ஒன்று, அதற்குப் பொருந்தும் 14 அங்குலக் குழல் ஒன்று, வேறெதுவும் இல்லை என்றால் அந்தக் குழலுக்கு ஒரே உபயோகம்தான் இருக்க முடியும். அதே வீட்டில் டாக்-14 ஒன்றும் இருந்தால் குழலுக்கு உரிய இடம் உண்டு. படிவம் 1 போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் தள்ளுபடி விலையைப் பார்த்ததும் குழலை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். ஒப்புதல் வந்தபிறகு வாங்கினால் இந்த வாதத்துக்கே வேலையில்லை.

தாத்தாவின் பரணில் வெட்டிய ஷாட்கன் கிடைத்தது. இப்போது பதிவு செய்யலாமா?

முடியாது. ஏற்கெனவே குட்டையாக இருக்கும் பதிவில்லாத ஆயுதத்தைச் சாதாரண ஆள் பதிவு செய்ய வழியே இல்லை. படிவம் 1 இனிமேல் உருவாக்கப்போவதற்கு மட்டும். 1968 நவம்பரில் ஒரு மாதம் பொதுமன்னிப்புக் கொடுத்து யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை.

முதலில் குச்சி போட்டு அளந்து பாருங்கள். 18க்கும் 26க்கும் மேல் இருந்தால் கவலையில்லை. வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் பழம்பொருள் விலக்கில் வரக்கூடும். தாத்தாவின் பத்திரங்களில் பழைய பதிவுத் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். போரிலிருந்து திரும்பியவர்கள் சிலர் முறையாகப் பதிந்திருக்கிறார்கள். எதுவும் இல்லையென்றால் துப்பாக்கியைக் காரில் போட்டுக் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போகாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், படம் எடுத்து இணையத்தில் போட்டு இது என்ன மாடல் என்று கேட்காதீர்கள். துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கூப்பிட்டு, அவர் வழியாக ஏடிஎஃப்பிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். அரும்பொருளாக இருந்தாலும் இதே கதிதான். மனசு கேட்காது, ஆனாலும் வேறு வழி இல்லை.

முறையாகப் பதிந்த உரிமையாளர் இறந்துவிட்டால்?

இது சுலபம். சொத்து நிர்வாகி தன் பொறுப்பில் வைத்திருக்கலாம். வாரிசுக்குப் படிவம் 5 வழியாகப் பதிவு மாறும். வாரிசு துப்பாக்கி வைக்கத் தடை செய்யப்பட்டவராக இருக்கக்கூடாது, அவருடைய மாநிலமும் அனுமதிக்க வேண்டும். நிர்வாகிக்குத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் வழக்கமான தலைவலி. ஒப்புதலின் பிரதியை உயிலோடு வையுங்கள்.

வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போவது எப்படி?

கிளம்புவதற்கு முன்பே 5320.20 என்ற படிவத்தை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. ஒரே இடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் ஓராண்டு வரைக்கும் சேர்த்துக் கேட்கலாம். வீடு மாற்றினாலும் இதே படிவம்தான். போகும் மாநிலம் மட்டுமல்ல, வழியில் கடக்கும் மாநிலங்களின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவிலிருந்து வடகிழக்கே கிளம்பினால் நியூயார்க்கோ நியூஜெர்சியோ குறுக்கே வராமல் போவது கஷ்டம்.

ஒப்புதல் தாளின் பிரதி துப்பாக்கியோடு இருக்கட்டும், மூலம் வீட்டில். ஏடிஎஃப் அதிகாரி கேட்டால் பதிவுச் சான்றைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். நெடுஞ்சாலையில் நிறுத்தும் காவலருக்கு இந்தச் சட்டம் முழுசாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரதி கையில் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

மாட்டிக்கொண்டால் தண்டனை எவ்வளவு?

பதிவில்லாமல் வைத்திருந்தாலோ, ஒப்புதலின்றிச் செய்தாலோ, கைமாற்றினாலோ பத்தாண்டு வரை சிறை. தேசியத் துப்பாக்கிச் சட்டம் சொல்லும் அபராதம் 10,000 டாலர். பொதுத் தண்டனைச் சட்டத்தின்படி தனிநபருக்கு 2,50,000 டாலர் வரை போகலாம். ஆயுதம் பறிமுதலாகும், கடுங்குற்றவாளி என்ற முறையில் வாழ்நாள் துப்பாக்கித் தடையும் தொடரும். வன்முறைக் குற்றத்திலோ போதைப்பொருள் கடத்தலிலோ குட்டைக் குழல் ஷாட்கன் கையில் இருந்தால், அதற்கென்றே தனியாகக் குறைந்தபட்சம் பத்தாண்டு கூடும்.

துப்பாக்கி குட்டையானது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது என அரசு நிரூபிக்க வேண்டும். சட்டம் தெரியாது என்ற சாக்கு எடுபடாது. ரேண்டி வீவர் வழக்கின் தொடக்கமே, 1989இல் இரண்டு வெட்டிய ஷாட்கன்களை ஏடிஎஃப்பின் உளவாளிக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டுதான். 1992 ஆகஸ்டில் ஐடஹோவின் ரூபி ரிட்ஜில் நடந்த முற்றுகையில் அவர் மனைவி, 14 வயது மகன், கூட்டாட்சி மார்ஷல் படை அதிகாரி ஒருவர் என மூவர் செத்தார்கள். 1993இல் ஜூரி அந்தத் துப்பாக்கிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது.

இரண்டாம் திருத்தம் இதைக் காப்பாற்றாதா?

ஆயுதம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைச் சொல்லும் அந்த அரசியல் சட்டத் திருத்தம் இதுவரை காப்பாற்றவில்லை. இந்தத் திருத்தத்தைப் பற்றிய பழைய பெரிய வழக்கே குட்டைக் குழல் ஷாட்கன் வழக்குத்தான். ஜாக் மில்லரும் ஃபிராங்க் லேட்டனும் ஒக்லஹோமாவின் கிளேர்மோரிலிருந்து ஆர்கன்சாவின் சைலோம் ஸ்பிரிங்ஸுக்குப் பதிவில்லாத 12 கேஜ் ஸ்டீவன்ஸ் இரட்டைக் குழல் ஒன்றைக் கொண்டுபோனார்கள். 1939இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆயுதம் ஒழுங்குபட்ட மக்கள் படைக்குப் பயன்படும் என்பதற்குச் சான்று எதுவும் வரவில்லை என்று சொல்லி அரசின் பக்கம் நின்றது. சான்று எப்படி வரும்? மில்லரின் தரப்பில் வாதாட அந்த நீதிமன்றத்தில் ஒருவர்கூட வரவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே மில்லர் கொலையாகிவிட்டார். 2008இல் ஹெல்லர் தீர்ப்பு, வீட்டில் கைத்துப்பாக்கி வைக்கும் தனிமனித உரிமையை ஏற்றுக்கொண்டபோதே, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மக்கள் வழக்கமாக வைத்திருக்காத ஆயுதத்துக்கு உதாரணமாக இதைத்தான் எடுத்துக்காட்டியது.

1968இல் ஹெய்ன்ஸ் வழக்கு மட்டும் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் ஆட்டியது. அதுவும் இரண்டாம் திருத்தத்தால் அல்ல. பதியாத ஆயுதத்தைப் பதியச் சொல்வது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கச் சொல்வது என்ற ஐந்தாம் திருத்த வாதம் அங்கே ஜெயித்தது. காங்கிரஸ் அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி ஓட்டையை அடைத்துவிட்டது. மேலே சொன்ன ஒரு மாதப் பொதுமன்னிப்பு அந்தத் திருத்தத்தோடு வந்ததுதான்.

குழல் குட்டையானால் ரவை அகலமாகப் பரவும் என்பது உண்மையா?

பெரும்பாலும் சினிமா. பரவலைத் தீர்மானிப்பது வாயில் உள்ள சோக்கின் இறுக்கமும் தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் வாட் எனப்படும் அடைப்பின் அமைப்பும்தான். வெட்டிய குழலில் பரவல் கூடுவது சோக் பகுதி வெட்டுப்பட்டுப் போவதால். சோக் இல்லாத நீளக் குழலும் ஏறக்குறைய அப்படித்தான் பரப்பும். நிச்சயமாகக் கூடுவது வேறு மூன்று: முகத்துக்கு அருகே வெடிக்கும் சத்தம், வாயில் தெறிக்கும் நெருப்பு, எடை குறைந்ததால் தோளில் விழும் உதை. காரிலும் குறுகிய வாசலிலும் திருப்ப எளிது என்பதே உண்மையான ஆதாயம். அதற்காகத்தான் போலீஸ் படைகள் 14 அங்குலம் வைத்திருக்கின்றன. வீட்டுக் காவலுக்கு 18.5க்கும் 14க்கும் இடையிலுள்ள நாலரை அங்குலம் இத்தனை தாள் வேலைக்குத் தகுமா என்றால், பெரும்பாலானோருக்குத் தகாது.

பதிந்தபிறகு வேண்டாம் என்று தோன்றினால்?

18 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலை மாட்டி, மொத்த நீளமும் 26க்கு மேல் இருக்கும்படி செய்தால் அது மறுபடி சாதாரண ஷாட்கன். பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி ஏடிஎஃப்பின் தேசியத் துப்பாக்கிச் சட்டப் பிரிவுக்கு வரிசை எண்ணோடு கடிதம் எழுதுங்கள், பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். குட்டைக் குழலை அதே வீட்டில் வைத்துக்கொண்டு நீக்கச் சொல்லாதீர்கள். பதிவு வைத்திருக்கும் வேறொருவருக்கு முதலில் அதை விற்றுவிடுங்கள். துப்பாக்கியை விற்பதாக இருந்தால், வாங்குகிறவரிடம் அந்தப் பதில் கடிதத்தின் பிரதியையும் கொடுங்கள். ரிசீவரில் உங்கள் பெயரும் ஊரும் பொறித்தபடியே இருக்கும். அடுத்த கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதைப் பற்றியதுதான்.